வீட்டிலே பீர் காய்ச்சினால் லாபமா?

சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோயில் பஸ் ஏறினால், அந்த ஊரை எட்டுவதற்குச் சற்று முன்பு லால்பேட்டை வரும். பக்கத்திலே வீராணம் ஏரி. சோழர் காலத்து ஏரி அது. கீழணையில் இருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து நிறைகிறது. ஏரியை நம்பி நெல் வயல்கள். வெற்றிலைக் கொடிக்கால்கள். ஊருக்குள்ளே பெரிய அரபுக் கல்லூரி.

இந்த ஊர்க் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "வீட்டிலேயே பீர் காய்ச்சினால் லாபமா, நஷ்டமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"ஏன் தம்பி, இதைக் கேட்க உனக்கு வேறு ஊர் கிடைக்கவில்லையா?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். முஸ்லிம்கள் நிறைந்த ஊர். மது அவர்களுக்கு விலக்கப்பட்ட பொருள்.

ஆனாலும் இந்த ஊரில் இருந்தே கணக்கைத் தொடங்குவோம். ஏனென்றால், மதுவின் கணக்கு குடிப்பவனோடு முடிவது இல்லை. ஒரு சொட்டுக்கூடத் தொடாத வீட்டின் கதவையும் அது தட்டுகிறது. எப்படி என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

பீர் என்பது என்ன?

பீர் என்றால் ஏதோ பெரிய ஆலையில், இரும்பு அண்டாக்களில், யாருக்கும் தெரியாத மருந்தைப் போட்டுச் செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தானியம், தண்ணீர், கசப்புப் பூ, ஈஸ்ட். இந்த நான்கும்தான் பீர்.

தானியம் என்றால் பெரும்பாலும் பார்லி. அதை ஊறவைத்து, முளைக்கவிட்டு, காயவைக்கிறார்கள். இதற்கு 'மால்ட்' என்று பெயர்.

பெயர் புதிது. வேலை பழையது! கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து, முளை கட்டியதும் காயவைத்து, வறுத்து அரைக்கிறார்கள். அதுவும் மால்ட்தான். பீர் செய்வதில் பாதி வேலை நம் வீடுகளில் காலங்காலமாக நடந்து வருகிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா!

முளைக்கும்போது தானியத்துக்குள்ளே ஒரு மாறுதல் உண்டாகிறது. மாவுச் சத்தைச் சர்க்கரையாக மாற்றும் சக்தி பிறக்கிறது. குழந்தைக்கு அந்தக் கஞ்சி எளிதில் ஜீரணம் ஆவது இதனால்தான். பீர் காய்ச்சுகிறவனும் இதே சர்க்கரையைத்தான் தேடுகிறான். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அதைக் கொதிக்கவைத்து, 'ஹாப்ஸ்' என்ற பூவைப் போடுவார்கள். வேப்பம்பூவைப் போல அது கசக்கும். சாறு ஆறிய பிறகு ஈஸ்ட் தூவுவார்கள். ரொட்டி மாவைப் பொங்கச் செய்கிறதே, அதே ஈஸ்ட்தான். அது சர்க்கரையைத் தின்று போதைச் சத்தையும் வாயுவையும் உண்டாக்குகிறது.

அப்படியானால் பழைய சோறு ஏன் போதை தருவது இல்லை? அதுவும் புளிக்கிறதே!

அரிசியில் இருக்கும் மாவுச் சத்து தானாகச் சர்க்கரை ஆவது இல்லை. சர்க்கரை இல்லாவிட்டால் ஈஸ்டுக்குத் தீனி இல்லை. இரவு தண்ணீர் ஊற்றிவைத்த சோற்றில் வேலை செய்பவை, தயிரைப் புளிக்கவைக்கும் இனத்துக் கிருமிகள். அவை புளிப்பைத்தான் கொடுக்கும். காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிறவர் தள்ளாடாமல் போவதற்கு இதுவே காரணம்.

பனைமரத்தின் சங்கதி வேறு. அதன் பாளையில் வடிவதே சர்க்கரைத் தண்ணீர். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள்! இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம் சுண்ணாம்புதான்.

லால்பேட்டை வீடுகளுக்கும் இந்த ரகசியம் புதிது அல்ல. பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது முஸ்லிம்களிடம் உள்ள பழைய வழக்கம். இதை 'நபீத்' என்பார்கள். நபிகள் நாயகம் அவர்களுக்காக ஊறவைத்த பானத்தை மூன்று நாள் வரையில்தான் வைத்திருந்தார்கள்; அதற்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிடச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. நாள் ஆக ஆகப் பழச்சாறு மதுவாக மாறிவிடும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

லண்டன் கணக்கு

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடு இங்கிலாந்து. லண்டனில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆகவே கணக்கை அங்கே போட்டுப் பார்ப்போம்.

20 லிட்டர் பீர் காய்ச்ச 4 முதல் 5 கிலோ மால்ட் வேண்டும். ஹாப்ஸ் 50 கிராம் போதும். ஈஸ்ட் ஒரு சிறு பொட்டலம். எல்லாம் சேர்த்து 20 பவுன் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் 3 பவுன். பெரிய பாத்திரம், மூடிய வாளி, குழாய், பாட்டில்கள் வாங்க முதலில் 100 பவுன் போட வேண்டும். அதை 20 தடவை உபயோகிக்கலாம் என்றால் ஒரு தடவைக்கு 5 பவுன் ஆகிறது.

ஆக மொத்தம் 28 பவுன். 20 லிட்டரை அரை லிட்டர் பாட்டில்களில் அடைத்தால் 40 பாட்டில். ஒரு பாட்டிலின் அடக்க விலை 70 பென்ஸ்.

கடையில் அதே அளவு பாட்டில் 2 பவுன் என்று வைத்துக்கொண்டால், பாட்டிலுக்கு 1 பவுன் 30 பென்ஸ் மிச்சம். நாற்பது பாட்டிலுக்கு 52 பவுன்!

அடேயப்பா, நல்ல லாபம் என்று தோன்றுகிறது அல்லவா? அவசரப்பட வேண்டாம். கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று.

வேலை செய்தது யார்? மால்ட்டை ஊறவைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்க ஐந்து ஆறு மணி நேரம். பிறகு ஒரு நாள் நாற்பது பாட்டில்களையும் சுத்தமாகக் கழுவி, நிரப்பி, மூடி போட இரண்டு மூன்று மணி நேரம். துளி அழுக்கு இருந்தாலும் அத்தனையும் கெட்டுப்போகும். மொத்தம் எட்டு மணி நேர வேலை.

இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, வயது வந்தவருக்கு மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ். எட்டு மணி நேரத்துக்கு 97 பவுனுக்கு மேல். வீட்டுப் பீரில் மிச்சமானதோ 52 பவுன். அதாவது மணிக்கு ஆறரை பவுன். ஓட்டலில் தட்டுக் கழுவப் போயிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கிடைத்திருக்கும்!

சாறாகவே தயார் செய்து டப்பாவில் விற்கிறார்கள். அதை வாங்கித் தண்ணீர் கலந்து ஈஸ்ட் போட்டால் வேலை குறையும். ஆனால் ருசியும் குறையும் என்கிறார்கள். எப்படியும் பாட்டில் கழுவும் வேலை போகாது.

மிச்சம் எங்கிருந்து வந்தது?

இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். ஒரு பெரிய ஆலை டன் கணக்கில் மால்ட் வாங்குகிறது. இயந்திரம் பாட்டில் கழுவுகிறது. அந்த ஆலையைவிட ஒரு வீட்டுச் சமையலறை மலிவாக எப்படிச் செய்ய முடியும்?

வரிதான் காரணம். நூற்றுக்கு 5 பங்கு போதைச் சத்து உள்ள அரை லிட்டர் பாட்டில் பீருக்கு, 2025-ம் ஆண்டு விகிதப்படி, பிரிட்டிஷ் சர்க்காரின் மது வரி சுமார் 54 பென்ஸ். விற்பனை மீது 20 சதவீத வரி தனி. 2 பவுன் பாட்டிலில் அது 33 பென்ஸ். இரண்டும் சேர்ந்து 87 பென்ஸ்!

வீட்டுக்காரர் பாட்டிலுக்கு 1 பவுன் 30 பென்ஸ் மிச்சம் பிடித்ததாகச் சொன்னோம். அதில் மூன்றில் இரண்டு பங்கு அவர் கட்டாமல் விட்ட வரி. அவருடைய சாமர்த்தியத்துக்குக் கிடைத்தது மீதி ஒரு பங்குதான்.

அவர் வரியை ஏய்க்கவில்லை. சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. 1880-ல் கிளாட்ஸ்டன் இங்கிலாந்தின் பிரதமராக இருந்தபோது மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பீர் மீது வரி போட்டார். வீட்டில் காய்ச்சுவோர் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. 1963-ல்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. மதுவிலக்கு போன பிறகும் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி வரவில்லை. 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன் வரை காய்ச்சலாம். விற்கக் கூடாது.

விற்கக் கூடாது என்பதுதான் இதில் உயிர் நாடி. சொந்த உபயோகத்துக்கு என்றால் சர்க்கார் கண்டுகொள்ளாது. கடை போட்டால் வரி கேட்டு வந்துவிடும்.

ஹண்டியா விற்கும் பெண்கள்

நம் நாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பிழைக்கிறவர்கள் உண்டா? உண்டு. அதைப் பார்க்க ஜார்க்கண்டுக்குப் போக வேண்டும்.

அங்கே பழங்குடி மக்கள் 'ஹண்டியா' என்ற பானம் செய்கிறார்கள். அரிசியில் செய்யும் பீர் என்றே இதைச் சொல்லலாம். சோற்றை வடித்துப் பாயில் பரப்பி ஆறவைக்கிறார்கள். 'ரானு' என்ற சிறு உருண்டைகளைப் பொடித்துக் கலக்கிறார்கள். அரிசி மாவும் காட்டு வேர்களும் சேர்த்துப் பிடித்த உருண்டை அது. பானையில் மூடி மூன்று நான்கு நாள் வைக்கிறார்கள். பழைய சோற்றில் நடக்காத காரியத்தை அந்த ரானு நடத்திவிடுகிறது! சோற்றின் மாவுச் சத்தைச் சர்க்கரை ஆக்குகிறது; சர்க்கரையைப் போதையாகவும் மாற்றுகிறது. பிறகு தண்ணீர் ஊற்றி வடிகட்டினால் ஹண்டியா.

திருவிழாவிலும் கல்யாணத்திலும் அவர்களுக்கு இது முக்கியமான பானம். முன்னோர்களுக்குப் படைக்கிறார்கள். அதோடு நின்றால் சரி. வாரச் சந்தை கூடும் நாளில் பெண்கள் அலுமினியப் பானையைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார்கள். இலைத் தொன்னையில் ஊற்றி விற்கிறார்கள். அன்று மாலை வீட்டுக்கு எண்ணெயும் உப்பும் வாங்க அந்தக் காசுதான் உதவுகிறது.

இங்கேயும் கணக்கில் விட்டுப்போவது அதே வரிதான்: உழைப்பு. அரிசி விலை தெரியும். விறகு விலை தெரியும். அந்தப் பெண் தண்ணீர் சுமந்ததற்கும், சோறு வடித்ததற்கும், வெயிலில் சந்தையில் உட்கார்ந்திருந்ததற்கும் கூலி எவ்வளவு? யாரும் எழுதிவைப்பது இல்லை. அதைக் கழித்தால் லாபம் என்று சொல்ல என்ன மிஞ்சும் என்பது சந்தேகம்தான். வேறு வேலை கிடைக்காத இடத்தில் பெண்கள் இதைச் செய்கிறார்கள். வாங்கிக் குடிப்பவர்களும் பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரர்களே.

2020-ல் ஜார்க்கண்ட் சர்க்கார் 'பூலோ ஜானோ ஆசீர்வாத்' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஹண்டியா விற்பதை விட்டு வேறு தொழில் தொடங்கும் பெண்களுக்கு வட்டி இல்லாத கடன் 10 ஆயிரம் ரூபாய். ஆடு வாங்கலாம். பெட்டிக் கடை வைக்கலாம். பானையை ஒழிக்க வேண்டும் என்றால் பானைக்குப் பதிலாக ஒரு முதல் வேண்டும் என்பதை அறிந்து செய்த ஏற்பாடு. போலீசை அனுப்புவதைவிட இது புத்திசாலித்தனம் என்பது நம் எண்ணம்.

ஆலைகள் வருவதற்கு முன்பு, இங்கிலாந்திலும் வீட்டுப் பீர் பெண்களின் வேலையாகத்தான் இருந்தது. கிராமத்து மனைவிமார்கள் வீட்டுக்குக் காய்ச்சி, மிஞ்சியதை வாசலில் விற்றார்கள்.

1939-ல் வந்த வரி

இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம்.

இங்கே வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது. சொந்த உபயோகத்துக்கும் கூடாது. 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். வெயிலும் ஒத்துழைக்காது என்பது வேறு விஷயம். பீர் புளிக்க 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும். கடலூர் ஜில்லாவின் சித்திரை வெயிலில் அதற்கு எங்கே போவது? இரண்டு வாரம் பிரிட்ஜை அதற்கே ஒதுக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது. கள்ளுக் கடைகள் மூடின. கூலிக்காரன் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் சர்க்கார் கஜானாவில் ஓட்டை விழுந்தது. கள், சாராய வருமானம் அன்று மாகாணத்துக்குப் பெரிய வருமானம்.

ஓட்டையை எப்படி அடைப்பது? 1939-ல் ராஜாஜி சர்க்கார் விற்பனை வரி போட்டது. கடையில் விற்கும் பொதுவான சாமான்களுக்கு இப்படி வரி போட்டது இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. வியாபாரிகள் எதிர்த்தார்கள். ஆனாலும் வரி வந்தது.

லால்பேட்டை வீட்டுக் கதவைக் கணக்குத் தட்டியது அப்போதுதான்! கள்ளைக் கண்ணால் பார்க்காத வீட்டிலும், கடையில் சாமான் வாங்கும்போது, மூடிய கள்ளுக் கடையின் நஷ்டத்தில் ஒரு சிறு பங்கு கட்ட வேண்டியது ஆயிற்று. குடிகாரனின் குடும்பம் பிழைக்கட்டும் என்று மற்ற குடும்பங்கள் கொடுத்த பணம் என்றுகூட இதைச் சொல்லலாம். தவறு என்று நாம் சொல்ல மாட்டோம்.

வேடிக்கை அதற்குப் பிறகு நடந்தது. 1971-ல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. கடைகள் திறந்தன. மூடின. மறுபடி திறந்தன. 1983-ல் 'டாஸ்மாக்' பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. 2023-24-ல் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கடை திறந்ததால் விற்பனை வரி போய்விட்டதா? இல்லை. அது வளர்ந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. என்று வேறு பெயர் எடுத்துக்கொண்டது. மதுவுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. கிடையாது. அதன் வரியை மாநிலங்களே தனியாக வைத்துக்கொண்டன.

எல்லையில் ஒரு பாடம்

பாட்டில் விலையில் தானியத்தின் பங்கு எவ்வளவு, வரியின் பங்கு எவ்வளவு என்று அறியப் பெரிய படிப்பு வேண்டாம். கடலூரில் இருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் போதும். புதுச்சேரி எல்லை வந்துவிடும். அங்கே வரி குறைவு. ஆகவே விலையும் குறைவு. தண்ணீரும் தானியமும் ஒன்றுதான். அதனால்தான் அந்த எல்லையில் சோதனைச் சாவடி. காருக்குள்ளும் மூட்டைக்குள்ளும் பாட்டில் பிடிபட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது.

விலை வித்தியாசம் இருக்கும் இடத்தில் கடத்தல்காரன் வருவான். அவனைவிடப் பயங்கரமான ஒருவனும் வருவான். அவன்தான் விஷச் சாராயக்காரன்.

கடைச் சரக்கு வாங்கக் கூலிக்காரனால் முடியவில்லை. பாக்கெட் சாராயம் மலிவு. அதைக் காய்ச்சக்கூட விற்பவனுக்குப் பொறுமை இல்லை. ஆலைகளில் உபயோகிக்கும் 'மெத்தனால்' என்ற விஷத்தைக் கலந்து விடுகிறான். வீட்டில் புளிக்கும் பீரிலோ ஹண்டியாவிலோ இந்த விஷம் ஆளைக் கொல்லும் அளவுக்கு உண்டாவது இல்லை. இது வெளியில் இருந்து வந்து சேருவது.

2023 மே மாதம் விழுப்புரம் ஜில்லா மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலும் 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். விழுப்புரமும் கள்ளக்குறிச்சியும் கடலூரை ஒட்டியவை. பெண்களும் செத்தார்கள். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகள் உண்டு. அந்த மாதமே சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. உயிர் போகக் காரணமானவனுக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

2025 ஆகஸ்டில் குவைத்தில் இதே மெத்தனால் 23 பேரைக் கொன்றது. செத்தவர்கள் பெரும்பாலும் ஆசிய நாடுகளில் இருந்து பிழைக்கப் போனவர்கள். குவைத்தில் மது அடியோடு தடை. லால்பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் வளைகுடா நாடுகளில் இருந்து வரும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் பல. ஒரே அறையில் பல ஊர் ஆட்கள் சேர்ந்து தங்கும் இடங்கள் அவை. அறையில் எவனோ காய்ச்சியது, எவனோ கொண்டு வந்தது என்று பாட்டில் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மெத்தனாலுக்குத் தனி நிறம் இல்லை. வாசனையும் மற்றச் சாராயத்தைப் போலவே இருக்கும்.

குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, தலை சுற்றல் வரும். கண் மங்கும். பனி மூட்டத்தில் பார்ப்பது போல இருக்கிறது என்பார்கள். சாதாரண மயக்கம், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்கவைக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விஷத்தை முறிக்க மருந்து இருக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரமும் உதவும். நேரத்தோடு போய்ச் சேர்ந்தவர்கள் பலர் பார்வையோடு பிழைத்திருக்கிறார்கள்.